மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்

வியாசர்பாடிப் பக்கம் நகர்ப்புறச் சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். கர்ப்பிணிகளுக்கான செக்கப் நாளில் பிபி, எடை, ரத்தப் பரிசோதனை, சத்து மாத்திரை எல்லாம் முடித்து, "குழந்தை அசைவைக் கவனிம்மா" என்று சொல்ல அரை நிமிடம் கிடைத்தால் பெரிது. அதனால்தான் அதை வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

முதலில் எழுதி அனுப்பினேன். யாரும் படிக்கவில்லை. வீடு வீடாகப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. பிக்மி என்கிற அரசின் கர்ப்பிணிப் பதிவில் பலர் கணவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். காலையில் போன் அவரோடு வேலைக்குப் போய்விடும். அதனால் இரவு 9 மணிக்கு என் குரலிலேயே ஆடியோ அனுப்பினேன். அது நல்ல நேரமும்கூட. சாயங்காலத்துக்கு மேல்தான் குழந்தை அதிகம் அசையும்.

அப்புறம் வார்த்தையில் வந்த குழப்பம். "துடிப்பு நல்லா இருக்கு சிஸ்டர்" என்றது ஒரு பெண். விசாரித்தால், வயிற்றில் கை வைத்துத் தன் நாடியையே எண்ணிக்கொண்டிருந்தது! அன்றிலிருந்து 'எத்துறது, உருளுறது, தள்ளுறது எல்லாம் கணக்கு. விக்கல் மாதிரி சீரா வர்றது கணக்கில்லை' என்று சொல்கிறேன். ஏழாம் மாதத்திலிருந்து உங்கள் குழந்தையின் வழக்கத்தைப் பழகிக்கொள்ளுங்கள். குறைந்த மாதிரி சந்தேகம் வந்தால் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அசைவே இல்லையென்றால் அந்த 2 மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

ஒன்பதாம் மாதத்தில் இருந்த ஒரு பெண் இதைக் கேட்டு எண்ணினாள். குறைவாக இருந்தது. "இடம் இல்லாம அடங்கிக் கிடக்கும், ஜூஸ் குடி" என்றார் மாமியார். கடைசி மாதத்தில் அசையும் விதம் மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. நான் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி மாமியாரிடம் பேசினேன். போனார்கள். வயிற்றில் பெல்ட் கட்டி இதயத்துடிப்பு பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஆனால் அங்கே ஒருவர், "இதுக்கெல்லாமா ராத்திரியில வருவீங்க" என்று கடிந்துகொண்டார்.

அந்த ஒரு வாக்கியம் என் ஆடியோ அத்தனையையும் அழித்துவிட்டது. நாலு நாள் கழித்து மறுபடி அசைவு குறைந்தபோது அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இரவு 10 மணிக்கு எனக்கு மெசேஜ் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் தூங்கிவிட்டேன். விடிகாலை 5 மணிக்குத்தான் பார்த்தேன். கை நடுங்கியது. உடனே கூப்பிட்டு அனுப்பினேன். பனிக்குடத் தண்ணீர் குறைந்திருந்தது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். தாயும் சேயும் நலம்.

அந்த 7 மணி நேரம் எனக்கு மறக்காது. சொல்லிக்கொடுக்கத்தான் போனைக் கையில் எடுத்தேன். அவளோ அதிலேயே காத்திருந்துவிட்டாள். ஒருமுறை குறைந்து சரியானாலும், இரண்டாம் முறை குறைவதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதையும் என் ஆடியோவில் நான் சொல்லியிருக்கவில்லை.

மறுநாளே புதிதாகப் பதிவு செய்தேன். இப்போது அது இப்படித்தான் தொடங்குகிறது: "அசைவு குறைஞ்சா எனக்கு மெசேஜ் போட்டுட்டுக் காத்திருக்காதீங்கம்மா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, வண்டி இல்லைன்னா 108. போன தடவை ஒண்ணுமில்லைன்னு அனுப்பியிருந்தாலும் போங்க. யாராவது திட்டினா, சிஸ்டர்தான் வரச் சொன்னாங்கன்னு என் பேரைச் சொல்லுங்க."