அஞ்சாவது சிரட்டை

2025 மே 18, ஞாயிறு

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானம் முற்றத்து மணலில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. இந்தச் சூட்டுக்குத் தண்ணீரைக் கண்டால் பிள்ளைகள் பாய்ந்து வரவேண்டும். எங்கள் வீட்டு இரண்டரை வயதுக்காரியோ துவாயைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாள். உடம்புக்கு ஊற்றும்வரை பரவாயில்லை. தலைக்கு என்றதும் தொடங்குகிற அலறல் மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் வரைக்கும் கேட்கும். இன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, பிள்ளைக்கு அடிக்கிறியா?" என்று கேட்டார். அடிக்கவில்லை அக்கா, முழுக வார்க்கிறேன்.

மே 19, திங்கள்

கைபேசியில் குளியல் பாட்டு ஒன்றைப் போட்டு, சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். இரண்டு நிமிடம் நல்ல அமைதி. கண் முழுக்கத் திரையில் இருந்தது. தான் குளிக்கிறோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. அதனால் தலையில் முதல் கோப்பை விழுந்ததும் அலறல் இரண்டு மடங்கு. கையைத் தட்டிவிட்டாள், கைபேசி வாளிக்குள். இப்போது அது அரிசிக்குள் கிடக்கிறது.

மே 22, வியாழன்

நானே பாடினேன். வாய்க்கு வந்ததைப் பாடினேன், ஒவ்வொரு நாளும் வேறு வேறு. சிரிக்கிறாள். தலை என்றதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. பாட்டுக்கும் தண்ணீருக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது என்று தோன்றுகிறது. நான் பாடுவது ஒரு பக்கம், ஊற்றுவது இன்னொரு பக்கம்.

மே 25, ஞாயிறு

பெத்தா வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து வந்திருக்கிறார். என் அம்மாவின் அம்மா. நானும் பெத்தா என்கிறேன், மகளும் பெத்தா என்கிறாள். நான் பிள்ளையோடு மல்லுக்கட்டியதைத் திண்ணையிலிருந்து முழுக்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நீ எப்ப ஊத்துவாய் எண்டு அதுக்குத் தெரியுமா? திடும் எண்டு ஊத்தினா நானும்தான் கத்துவன்."

பிறகு எழும்பி, குசினியிலிருந்து தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். பிளாஸ்டிக் கோப்பை வேண்டாமாம், அது ஒரேயடியாகக் கொட்டுமாம். சிரட்டையில் ஒரு கைப்பிடித் தண்ணீர்தான் பிடிக்கும். மகளை மணலில் நிற்கவைத்து, தொடாமல், முதலில் சும்மா எண்ணினார். ஒண்டு காலுக்கு. ரெண்டு கைக்கு. மூண்டு முதுகுக்கு. நாலு வயித்துக்கு. ராகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, நெல்லுக் குற்றும்போது வரும் இழுவை மாதிரி ஒரு இழுவை. இரண்டாம் சுற்றில் எண்ணோடு தண்ணீரும் வந்தது. எண் வாயிலிருந்து புறப்பட்ட பிறகுதான் சிரட்டை சரிந்தது. ஒரு தடவையும் முந்தவில்லை. மூன்றாம் சுற்றில் "மூண்டு" என்றதும் மகள் தானாகவே திரும்பி முதுகைக் காட்டினாள்.

தலைக்கு வேறு பாட்டு. அப்போதே கட்டினார், இல்லை, எனக்கு ஊற்றும்போது கட்டியதோ தெரியாது:

மேல பார் மேல பார் தென்னம் மரத்தில
குரும்பட்டி எத்தன கொத்தில தூங்குது

எங்கள் கிணற்றடியில் உண்மையாகவே தென்னை நிற்கிறது. பிள்ளை குரும்பட்டி பார்க்க நாடியைத் தூக்கினாள். நெற்றியோரம் பெத்தாவின் இடது கை அணை கட்டியிருந்தது. தண்ணீர் முழுக்கப் பின்னுக்கு ஓடியது, கண்ணுக்கு ஒரு சொட்டும் வரவில்லை. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, போதும்! அந்தப் "போதும்" சொன்னதும் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டார். தலையில் இன்னும் நுரை இருந்தது. "நுரை கிடக்கு பெத்தா" என்றேன். "கிடக்கட்டும். அஞ்சு எண்டு சொல்லிட்டு ஆறு ஊத்தினா நாளைக்கு வராது" என்றார். நுரையை ஈரத் துணியால் துடைத்து எடுத்தோம்.

அலறல் இல்லை. நான்தான் அழுதிருப்பேன் போல.

மே 27, செவ்வாய்

பெத்தாவின் பாட்டில் நான் ஒரு வரி சேர்த்தேன்: "சூடா குளிரா, முழங்கை சொல்லு." பாடிக்கொண்டே என் முழங்கையை வாளிக்குள் வைக்கிறேன். மகளும் தன் முழங்கையை வைக்கிறாள். இது வேடிக்கைக்கு இல்லை. இந்த வெயிலுக்கு, மேலே இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து பின்னேரம் வரும் முதல் வாளி தேத்தண்ணீர் ஊற்றலாம் போலச் சுடுகிறது. பிள்ளைக்கு உடம்புச் சூடு அளவு, 37 பாகை, போதும். பெரியவரின் உள்ளங்கை சூட்டுக்குப் பழகியது, அதை நம்ப முடியாது. முழங்கைத் தோலுக்குச் சட்டென்று தெரியும்.

சவர்க்காரத்தையும் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலிலேயே போட்டால் பாட்டு முடியும்வரை நுரையோடு நிற்கவேண்டும், தோல் வறண்டுபோகும்.

மே 30, வெள்ளி

இன்றைக்கு இவர் குளிக்க வார்த்தார். வேலையால் வந்த உற்சாகத்தில் பாட்டை "மேம்படுத்தி" காலுக்கு முன் வயிற்றைப் போட்டார், நடுவில் ஒரு கூத்துப் பாட்டும் சேர்த்தார். "அப்பா பிழை! அப்பா பிழை!" மூன்று தடவை முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. எனக்குச் சலித்துப்போன பாட்டு என்பதால் அவளுக்கும் சலித்திருக்கும் என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது ஒழுங்கை மாதிரி. எந்த வளைவில் எந்த வீடு என்று தெரிந்தால்தானே நடக்கலாம்?

ஜூன் 2, திங்கள்

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன். பாட்டின் நடுவில் கைபேசி அடித்தது (அரிசியாலோ என்னவோ, பிழைத்துவிட்டது). பிள்ளை பேசினுக்குள் இருந்தாள், இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லை. இரண்டே எட்டுத்தான், வாசல்படி வரை போனேன். உள்ளேயிருந்து பெத்தாவின் குரல்: "சத்தத்தக் காணல்லயே, என்னகா?" ஓடி வந்தேன். மகள் சிரட்டையில் மணல் அள்ளிக்கொண்டிருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு அங்குலத் தண்ணீரிலும் பிள்ளை மூழ்கும், அதுவும் சத்தமில்லாமல். அது எனக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டேதான் போனேன்.

பெத்தா ஏசவில்லை. தன் காலத்தில் கிணற்றடி வீட்டுக்குப் பின்னால் தூரத்தில் இருந்ததாம். பாட்டுக் கேட்கும்வரை வீட்டில் இருக்கிறவர்களுக்கு நிம்மதியாம், நின்றால் யாராவது ஒருவர் எட்டிப் பார்ப்பார்களாம். இன்றிலிருந்து கைபேசி அறைக்குள். குளித்து முடிந்ததும் வாளியும் பேசினும் கவிழ்த்து வைக்கப்படும், கிணற்றுக்கு மூடி போடப்படும்.

ஜூன் 9, திங்கள்

ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு, இன்று குளுத்தி. பெத்தாவோடு படுவான்கரைக்குப் போனோம். மதுரையை எரித்த கோபம் ஆறாமல் நிற்கிறவளை உடுக்கடித்துப் பாடிப் பாடிக் குளிர வைக்கிற நாள். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு வைகாசிக்கும் கேட்கிற பாட்டுத்தான். குரவைச் சத்தத்துக்கு மகள் முதலில் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு காதுக்குள் கேட்டாள்: "அம்மனுக்கு அஞ்சு சிரட்டையா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெத்தா மட்டும் மிகவும் சீரியசாக, "அவவுக்குக் கோவம் கூட மகள், கனக்க ஊத்தணும்" என்றார்.

ஜூன் 12, வியாழன்

பெத்தா இங்கே திரும்பி வந்து மூன்று நாள் நின்றார், நாளைக்குப் போகிறார். பின்னேரம் கிணற்றடியில் அவர் குளிக்கப் போக, மகள் சிரட்டையோடு பின்னால் ஓடினாள். தானே வார்க்கப்போகிறாளாம். பெத்தா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மணலில் சம்மணமிட்டு இருந்தார், நாடியைத் தூக்கித் தென்னையைப் பார்த்தார். நான் வாளிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"மேல பார் மேல பார்" என்று இழுத்து, ஒண்டு, ரெண்டு, அஞ்சு, போதும்! என்று சிரட்டையைக் கவிழ்த்துவிட்டாள்.

பெத்தா நனைந்தும் நனையாமலும் இருந்தார். "மூண்டும் நாலும் கடன் கிடக்குகா," என்றார் என்னைப் பார்த்து, "அடுத்தமுறை வந்து வாங்கிக்கொள்றன்."