நோட்டைப் பைக்குள் வைத்த பிறகு

வீடில்லாத தாய்மார்களோடு வேலை செய்ய ஆரம்பித்த புதிதில் நான் செய்த தவறு, கையில் ஃபார்மோடு போனதுதான். பெயர், வயது, எத்தனை குழந்தைகள், கணவர் எங்கே என்று வரிசையாகக் கேட்பேன், பொறுமையாகப் பதில் சொல்வார்கள், மறுநாள் போனால் அந்த இடம் காலியாக இருக்கும். பல வாரம் கழித்து ஒரு அம்மா சொன்னார்: "எழுதிக்கிட்டுப் போறவங்க திரும்பி வந்தா பிள்ளையத் தூக்கிட்டுப் போகத்தான் வருவாங்க."

வீடு இல்லை என்பதையே காரணமாக வைத்துக் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம், பசியைவிடப் பெரியது. அன்றிலிருந்து நோட்டு பைக்குள் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணி என்றால் பதினொரு மணிக்குப் போவேன், உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். முடியாததை வாக்களிப்பதில்லை. அவர்களாகக் கேட்கும்வரை காப்பகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டேன்.

பகலில் தூங்குகிறார்களே, சோம்பேறிகள் என்று போகிறவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் காவல் இருந்தவருக்குப் பகலில்தானே தூக்கம் வரும்! அந்த நிலையில் இருப்பவரிடம் "உங்கள் எதிர்காலத் திட்டம் என்ன" என்று கேட்டவள்தான் நானும். இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

காப்பகம் என்றால் வேறு சிக்கல். பெண்களுக்கான பல காப்பகங்களில் வளர்ந்த பையன்களைச் சேர்ப்பதில்லை. மகனை வேறு இடத்துக்கு அனுப்பச் சொன்னதும் ஒருவர் எழுந்து போய்விட்டார். கோப்பில் "உதவியை மறுத்தார்" என்று எழுதியிருந்தார்கள், அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதச் சொல்லி நான் சண்டை போட்டேன்.

1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், மனநலப் பிரச்சினையோடு தெருவில் இருந்தவர்களுக்கு எந்த நிபந்தனையும் போடாமல் முதலில் வீடு கொடுக்கும் முறையைத் தொடங்கினார். உடம்பும் மனசும் தேறட்டும், வேலை தேடட்டும், அப்புறம் வீடு என்ற பழைய வரிசையை அது திருப்பிப் போட்டது. தாய்மார்கள் விஷயத்திலும் இதுதான் சரி என்பது என் அனுபவம், ஏனென்றால் பூட்டக்கூடிய ஒரு கதவு கிடைத்த பிறகுதான் அவர்கள் தூங்கவே ஆரம்பிக்கிறார்கள்.

ஆனால் வீட்டுக்கு விண்ணப்பிக்கக் காகிதம் வேண்டும். முகவரி இல்லாததால் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாததால் முகவரி கிடைக்காது. பிறந்த உடனே குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1989-ம் ஆண்டின் ஐநா குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 7-வது பிரிவில் சொல்கிறது, ஆனால் பிறப்புச் சான்றிதழே இல்லாத குழந்தைகளைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு தாய் சான்றிதழுக்காக மூன்று முறை தனியாகப் போய் வெறுங்கையோடு திரும்பினார். நாலாவது முறை நான் கூடப் போனேன், அதே கவுண்டரில் அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. கூடுதலாக ஒரு காகிதம்கூட நாங்கள் கொண்டு போகவில்லை. நான் செருப்புப் போட்டிருந்தேன், இஸ்திரி போட்ட உடை உடுத்தியிருந்தேன், அவ்வளவுதான். வெளியே வந்ததும் அவர் சான்றிதழை நாலு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றினார், மழைக்கு.

சாவி கையில் வந்தவுடன் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் சில மாதங்கள்தான் ஆபத்தானவை. தெருவில் பக்கத்தில் படுத்திருந்த பெண்கள் இல்லாத தனிமை, வாடகைத் தேதி நெருங்கும் பதற்றம், விளக்கை அணைத்தால் அழும் குழந்தை. தனிமை தாங்காமல் பழைய இடத்துக்கே திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சான்றிதழ்க்காரர் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. துணிகளும் காகிதங்களும் அடுக்கிய பை இன்னும் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எடுத்து உள்ளே வையுங்கள் என்று நான் சொல்வதில்லை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போகிறேன், பையை ஒதுக்கிவிட்டு எனக்கு உட்கார இடம் போடுகிறார்.