முழுக்கைச் சட்டை

படம் தொடங்கியதும் ஒரு ஃபோன் பேச்சு. பேத்தி நியூயார்க் தெருவில் நடந்துகொண்டிருக்கிறாள், பாட்டி சீனாவில். பாட்டி இருப்பது ஆஸ்பத்திரியில். தங்கச்சி வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார். "தொப்பி போட்டிருக்கியா?" என்று அவர் கேட்க, வெறுந்தலையோடு போகிற பேத்தி போட்டிருப்பதாகச் சொல்கிறாள். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே தொண்டை அடைத்தது.

2019 செப்டம்பர், மெல்பனில் கார்ல்டன் பக்கம் ஒரு தியேட்டர். படம் 'தி ஃபேர்வெல்'. இயக்குநர் லுலு வாங் தன் சொந்தக் குடும்பத்தில் நடந்ததைத்தான் எடுத்திருக்கிறார். பாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய், மூன்று மாதம்தான் என்கிறார்கள். அதை அவரிடம் மறைத்து, பேரனுக்குக் கல்யாணம் என்று சாக்கு வைத்து எல்லோரும் சாங்சுன் நகரத்தில் கூடுகிறார்கள். நான் லாப்ஸ்டர்தானே கேட்டேன், நண்டு எப்படி வந்தது என்று பாட்டி மண்டபத்துக்காரர்களிடம் மல்லுக்கு நிற்கிற இடத்தில், சமையல்காரரைப் பந்திக்கே கூப்பிட்டுக் கேள்வி கேட்ட எங்கள் அப்பாயி எழுந்து வந்துவிட்டார்.

வெளியே வந்ததும் கூட வந்த தோழி, "பாட்டிக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?" என்று பொரிந்து தள்ளினாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. நம் வீடுகளில் யார் நோயாளியிடம் நேராகச் சொல்கிறார்கள்? என்னை வாட்டியது வேறு. எங்கள் வீட்டில் மறைப்பது என்னிடம்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் வீடியோவில் அப்பா முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தான் வரை மாட்டியிருந்தார். மன்னார்குடி வெயிலில், நாள் முழுக்கப் பனியனோடு திரிகிற மனிதர். கேட்டதற்கு, "ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புறேம்மா" என்றார். நம்பினேன். மூன்று வாரம் கழித்து அண்ணன்தான் வாய்தவறி உளறினான். தஞ்சாவூரில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டதில் முழங்கை வரை கன்றிப்போயிருக்கிறது. அதை மூடத்தான் அந்தச் சட்டை.

"அங்கே தனியா இருக்கே, சொன்னா தூங்குவியா?" என்றான். பாசத்தில்தான் சொன்னான், தெரியும். ஆனாலும் இன்றுவரை ஆறவில்லை. பதறியிருப்பேன்தான். அப்பாவுக்காகப் பதறுவதில் எனக்கும் பங்கு உண்டே, அதை ஏன் பிடுங்கினார்கள்? சரி, நான் மட்டும் என்ன? வந்த புதிதில் ரொட்டியும் ஜாமுமாக மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, சோறும் ரசமும் சாப்பிட்டதாக அம்மாவிடம் தினமும் சொன்னவள்தானே.

நாலு வருஷத்தில் இந்த ஊர் பழகிவிட்டது. வெயிலைப் பார்த்து ஏமாறாமல் குடை எடுத்துக்கொள்கிறேன், டிராம் வழித்தடங்கள் மனப்பாடம். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் நாலரை மணி நேரத்தைக் கழித்து ஊர் நேரம்தான் முதலில் மனதில் வருகிறது. அன்றும் அப்படித்தான். இங்கே ராத்திரி ஒன்பது, அங்கே நாலரை. டிராம் நிறுத்தத்தில் நின்றபடியே வீடியோவில் கூப்பிட்டேன்.

"அப்பா, சட்டைக் கையைக் கொஞ்சம் மடிச்சுக் காட்டுங்க."

"சட்டை எங்கம்மா போட்டிருக்கேன்?" பனியனில்தான் இருந்தார். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"அம்மா எங்கே?"

"பிரதோஷம், கோயிலுக்குப் போயிருக்கா."

ஃபோனை வைத்ததும் நாள்காட்டியைத் திறந்து பார்த்தேன். பிரதோஷம்தான்.