கிரவுண்டுக்கு அனுப்புங்கள்

"பிளஸ் டூ வந்தாச்சு, இனி விளையாட்டு வேண்டாம்" என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோரைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. சென்னை ஐஐடியிலேயே 2024இல் விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சேர்க்கை தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்கள், அதில் ஒன்று பெண்களுக்கு. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், கடந்த நான்கு ஆண்டுகளில் தேசிய அல்லது சர்வதேச அளவில் ஒரு பதக்கமாவது வாங்கியிருக்க வேண்டும். அப்புறம் தரவரிசைக்கு விளையாட்டுச் சாதனைதான் கணக்கு.

சரி, பதக்கம் இல்லாதவர்களுக்கு? இந்த ஐஐடி சேர்க்கையில் விளையாட்டு உதவாது, உண்மைதான். அதற்காக ஒரு மணி நேரக் கபடியைப் பிடுங்குவது அநியாயம்.

நம் பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டு ஒதுக்கீடாக 500 இடங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வாங்கிய சான்றிதழ்களை இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.