குச்சி உருவங்கள் வரைந்த தாள்

ஜூன் 21 அன்று அதிகாலை நாலரை மணிக்கே எழுந்துவிடுவேன். சர்வதேச யோகா தினம். ஏதாவது ஓர் அலுவலக வளாகத்திலோ கல்லூரி மைதானத்திலோ முந்நூறு, நானூறு பேருக்கு ஒலிபெருக்கியில் பயிற்சி சொல்ல வேண்டியிருக்கும். யோகா ஆசிரியராக 19 ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒரு நாளின் வருமானம் சில மாதங்களில் வீட்டு வாடகைக்கு உதவியிருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை.

அதே நாள்தான் யோக ஆசிரியர் டி.கே.வி. தேசிகாச்சாரின் பிறந்த நாள். 1938-ல் மைசூரில் பிறந்தவர். ஒரு மாணவர், ஓர் ஆசிரியர், ஓர் அறை என்றே பெரும்பாலும் கற்பித்த அந்த மனிதரின் பிறந்த நாளில், நானூறு பேரை ஒரே நொடியில் குனியச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்த எண்ணம் மனதை அறுக்கும்.

அவரிடம் நான் நேரடியாகக் கற்றதில்லை. அவருடைய வழியில் பயின்ற ஓர் ஆசிரியையிடம் கற்றேன். ஆனால் அவரைத் தொட்டுத்தான் என் தொழில் திசை மாறியது. அது நடந்தது என் தவறு ஒன்றினால்.

வேலைக்கு வந்த மூன்றாம் ஆண்டு. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வாரம் மூன்று நாள் மாலை வகுப்பு. எல்லோருக்கும் ஒரே வரிசை: நின்று செய்பவை, உட்கார்ந்து செய்பவை, பிறகு தோள்களில் உடலைத் தாங்கிக் கால்களை மேலே உயர்த்தும் சர்வாங்காசனம், கடைசியில் சவாசனம். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர், பக்கத்தில் இருந்த இளைஞர்களைப் பார்த்துக் கால்களை உயர்த்தினார். நன்றாகத்தான் செய்கிறார் என்று நானும் ஊக்கப்படுத்தினேன். அடுத்த வகுப்புக்கு அவர் கழுத்தில் பட்டையோடு வந்தார். கழுத்து எலும்பில் பழைய தேய்மானமாம். "முன்னமே சொல்லியிருக்கலாமே சார்" என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை மிகவும் சுட்டது.

என் ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வரிசையாகக் கேள்விகள் கேட்டார். அவருக்கு என்ன வேலை? எத்தனை மணி நேரம் உட்காருகிறார்? இரவு எப்போது தூங்குகிறார்? மூச்சை வெளியே விடும்போது எங்கே நிற்கிறது? ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. "அப்படியென்றால் நீ யாருக்குச் சொல்லிக்கொடுத்தாய்?" என்றார்.

பிறகு ஒரு தாளை எடுத்துக் குச்சி குச்சியாய் ஆறு உருவங்கள் வரைந்தார். படுத்து முழங்கால்களை மார்புக்குக் கொண்டுவருவது, கைகளை உள்மூச்சோடு உயர்த்துவது, இப்படி. ஒவ்வொன்றின் அருகிலும் எத்தனை முறை, எந்த மூச்சில் என்று சிறு எழுத்தில் எழுதினார். சர்வாங்காசனம் அதில் இல்லவே இல்லை. "இது அவர் ஒருவருக்கு மட்டும். இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதே" என்றார். தேசிகாச்சார் மரபில் பயிற்சி இப்படித்தான் தாளில் எழுதித் தரப்படும்.

தேசிகாச்சாரின் கதையை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன். அவருடைய தந்தை திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்தியவர். அங்கே கற்ற பட்டாபி ஜோயிஸும் பி.கே.எஸ். ஐயங்காரும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்கள். நாடித் துடிப்பை அடக்கிக் காட்டுவது போன்ற செயல் விளக்கங்களால் கூட்டத்தை ஈர்த்தவர் கிருஷ்ணமாச்சாரியார். 1950களின் தொடக்கத்தில், பக்கவாதத்திலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்த சட்டத்துறைப் பெரியவர் ஒருவருக்கு உதவச் சென்னைக்கு வந்தார். மைசூரில் பையன்களை வரிசையில் நிறுத்தி வேகமாகச் செய்யவைத்த அதே ஆசிரியர், சென்னையில் நோயாளிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து நாடி பார்த்தார். இந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். புகழ் தந்த முறையையே ஒருவர் வயதான காலத்தில் மாற்றிக்கொள்வது எளிதல்ல.

மகனுக்கோ யோகத்தில் ஆர்வமே இல்லை. பொறியியல் படித்துவிட்டு வேலைக்குப் போகும் தறுவாயில் இருந்தார். 1960களின் தொடக்கத்தில் ஒரு நாள், நியூசிலாந்துப் பெண் ஒருவர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, நெற்றியில் நாமம் தரித்த, ஆசாரமான வைணவரான தந்தையை எல்லோர் முன்னிலையிலும் கட்டிக்கொண்டாராம். இளைஞர் திகைத்துப்போனார். பல ஆண்டுகளாக மாத்திரை இல்லாமல் உறங்க முடியாதிருந்த அந்தப் பெண், தந்தை தந்த பயிற்சியால் முந்தைய இரவு மாத்திரையின்றி உறங்கியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. மகன் வேலை எண்ணத்தை விட்டுவிட்டுத் தந்தையிடம் மாணவராக உட்கார்ந்தார். பிறர் வித்தைகளைப் பார்த்து வந்தார்கள். இவரை இழுத்தது ஒரு பெண்ணின் ஓர் இரவுத் தூக்கம்.

1976-ல் சென்னையில் நிலையம் தொடங்கியபோது அவர் அதற்குத் தந்தையின் பெயரை வைத்தார், கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் என்று. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மூன்றாம் பாதத்தில் 'விநியோகம்' என்ற சொல் வருகிறது. படிப்படியாக, நிலைக்கு ஏற்பப் பயன்படுத்துவது என்று பொருள் கொள்ளலாம். அவருடைய கற்பித்தலை வெளிநாடுகளில் அந்தச் சொல்லால் அழைக்கத் தொடங்கினார்கள். மெல்ல மெல்ல அது ஒரு பாணியின் பெயராகவே நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் தன் கற்பித்தலுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்துவதையே அவர் விட்டுவிட்டார். தன் பெயரில் பாணி அமைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களால்தான் யோகம் உலகெங்கும் பரவியது. ஆனால் கைக்கு வந்த பெயரை, அது கற்பித்தலைக் குறுக்குகிறது என்பதற்காகவே கீழே வைத்த ஒருவர் இருந்தார் என்பது, தொழிலில் நான் தடுமாறிய ஒரு நாளில் எனக்குப் பிடிமானமாக இருந்தது.

அந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு நிறுவனம், பெரிய ஒப்பந்தம். ஊழியர்களுக்கான துண்டுப் பிரசுரத்தில் 'நாற்பது நாள்களில் சர்க்கரை நோய் குணமாகும்' என்ற வரியோடு என் படத்தைப் போட விரும்பினார்கள். மருந்து சாப்பிடும் ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆவது? வரியை எடுங்கள் என்று மூன்று முறை கேட்டேன். எடுக்கவில்லை. ஒப்பந்தத்தை விட்டேன். மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை, வளையலைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

தேசிகாச்சார் 2016 ஆகஸ்டில் காலமானார். செய்தி வந்த மாலை, கழுத்துப் பட்டையோடு வந்தவருக்கு வகுப்பு இருந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக அவர் என் மாணவர். அவருக்காக எழுதிய தாள்கள் மட்டுமே ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஓய்வுபெற்ற பிறகு, 78 வயதாகும் தன் அக்காவையும் அழைத்துவரத் தொடங்கினார்.

அந்த அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளை உயர்த்தி இறக்குவார், அவ்வளவுதான். போன வாரம், "தம்பி, இவ்வளவு சின்னப் பயிற்சிக்கா ஆட்டோ பிடித்து வருகிறேன்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மூச்சை எண்ணினேன். மூன்றாவது முறை கை இறங்குவதற்கு முன்பே மூச்சு முடிந்துவிட்டது. தாளில் ஆறு என்று எழுதியிருந்ததை அடித்து, நான்கு என்று எழுதினேன்.