நெதர்லாந்தில் கார் வரி: பதிவேட்டில் பெயர் உள்ள வரை

தமிழ்நாட்டில் சொந்தக் கார் வாங்குபவர் பதிவின்போதே ஆயுட்கால வரியைக் கட்டிவிடுவதால், அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்துவிட்டு ஆம்ஸ்டல்வேனில் குடியேறி, குடும்பத்துக்கென்று ஒரு பழைய காரைத் தேடத் தொடங்கியபோது, இந்நாட்டின் வாகன வரியை நான் அடிப்படையிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இங்குள்ளவர்கள் பேச்சில் இதை ‘வேகன்பெலாஸ்டிங்’, அதாவது சாலை வரி என்கிறார்கள். சட்டத்தில் இது மோட்டார் வாகன வரி. 1994ஆம் ஆண்டின் சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது முதல், வாகனம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர், அதைச் சாலையில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், இந்த வரியைச் செலுத்த வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாக விளங்கிவிடுகின்றன என்பது என் அனுபவம்.

எனவே கார் என் பெயருக்கு மாறும் நாள்தான் எனக்கு முக்கியமானது. வாகனப் பதிவேட்டை நடத்தும் நிறுவனம் ஆர்.டி.டபிள்யூ.; வரியை வசூலிப்பது பெலாஸ்டிங்தீன்ஸ்ட் என்னும் வரித்துறை. விற்பவரிடமிருந்து பதிவு அட்டையையும் அதற்குரிய ஒன்பது இலக்கக் குறியீட்டையும் பெற்றுக்கொண்டு, அடையாளச் சான்றுடன் அஞ்சல் முகப்பு ஒன்றுக்குச் சென்று பெயரை மாற்றிக்கொண்டோம். அன்றிலிருந்தே காப்பீடும் கட்டாயம் என்பதால், அதை முந்திய நாளே பேசி முடித்திருந்தேன். வரிக்கென்று தனியாக எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை. பெயர் மாற்றமே வரிக் கணக்கு ஒப்படைத்ததற்குச் சமமாகக் கொள்ளப்படுகிறது. பின்னர் வரித்துறையின் நீல உறை அஞ்சலில் வந்தது. இந்நாட்டில் நீல உறை என்றாலே வரித்துறைக் கடிதம் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் முறை பெறுபவருக்கு அது சற்றுக் கலக்கம் தரும் என்றாலும், உள்ளே இருப்பது வாகன எண், காலம், தொகை, கெடு நாள் ஆகியவை மட்டுமே.

அந்தத் தொகை எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்வதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். கார் வாங்க நினைக்கும் எவரும், வாங்குவதற்கு முன்பே, இதைச் செய்ய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். தனியார் காருக்கான வரியைத் தீர்மானிப்பவை முதன்மையாக எடை, எரிபொருள், உரிமையாளர் வாழும் மாகாணம் ஆகிய மூன்று. எடை என்பது வெறும் வண்டியின் எடை. பதிவேட்டில் இரண்டு எடைகள் காணப்படும். ஓட்டத் தயாரான நிலையின் எடை, வெற்று எடையைவிட 100 கிலோ கூடுதலாக இருக்கும், ஆனால் வரி கணக்கிடப்படுவது வெற்று எடையின் மேல்தான். 100 கிலோ அளவில் படிகள் அமைந்திருப்பதால், படியின் எல்லையைச் சில கிலோ தாண்டும் கார் ஒவ்வொரு காலாண்டிலும் கூடுதலாகக் கேட்கும். எந்தக் காரின் பதிவு எண்ணையும் ஆர்.டி.டபிள்யூ.வின் தளத்தில் இட்டால் அதன் எடை, எரிபொருள், கட்டாய ஆய்வு முடியும் தேதி எல்லாம் யாரும் பார்க்கும்படி கிடைக்கும். வரித்துறையின் தளத்தில் உள்ள கணிப்பானில் அந்த எண்ணையும் மாகாணத்தையும் கொடுத்தால் தொகை தெரிந்துவிடும். விளம்பரத்தில் பார்த்த ஒவ்வொரு காரையும் இந்த இரண்டு இடங்களிலும் சோதித்த பிறகே நேரில் பார்க்கச் சென்றோம்.

எரிபொருளில் வேறுபாடு இன்னும் பெரியது. டீசல் மீதான எரிபொருள் தீர்வை பெட்ரோலைவிடக் குறைவு என்பதால், அதை ஈடுசெய்யும் வகையில் டீசல் கார்களின் வாகன வரியில் ஒரு கூடுதல் தொகை சேர்க்கப்படுகிறது. ஒரே எடையுள்ள டீசல் காருக்குப் பெட்ரோல் காரைப்போல ஏறத்தாழ இருமடங்கு வரி வந்ததைக் கணிப்பானில் கண்டேன். அதோடு 2020 முதல், ஒரு கிலோமீட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் டீசல் கார்களுக்கு 15 சதவீதக் கூடுதல் உண்டு. பழைய டீசல் கார்கள் சந்தையில் மலிவாகக் கிடைப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு டீசல் கட்டுப்படியாகலாம். கடைக்கும் பள்ளிக்கும் வார இறுதிப் பயணங்களுக்கும் ஓட்டும் எங்களைப் போன்றவர்களுக்குச் சிறிய பெட்ரோல் காரே பொருத்தம் என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது, மாகாணம். நாட்டின் பன்னிரண்டு மாகாணங்களும் மைய அரசின் வரியின் மேல் தத்தம் கூடுதலைச் சேர்க்கின்றன. ‘ஒப்சென்டன்’ எனப்படும் இதற்கு மேல்வரம்பை மைய அரசு வகுக்கிறது, அதற்குள் விகிதத்தை மாகாண அவை தீர்மானிக்கிறது. மாகாணங்களின் சொந்த வரி வருவாயில் மிகப் பெரியது இதுவே. பல ஆண்டுகளாக வட ஹாலந்தில் இது குறைவாகவும், தென் ஹாலந்து, குரோனிங்கன் போன்ற இடங்களில் அதிகமாகவும் இருந்துவருகிறது. பணி நிமித்தம் நாங்கள் வட ஹாலந்திலுள்ள ஆம்ஸ்டல்வேனிலிருந்து தென் ஹாலந்திலுள்ள டெல்ஃப்ட் நகருக்குக் குடிபெயர்ந்தபோது, அதே கார், அதே எடை, அதே எரிபொருள் இருந்தும் தொகை உயர்ந்தது. நகராட்சியில் முகவரியை மாற்றியதே போதுமானதாக இருந்தது. வரித்துறைக்கு நான் தனியே எதையும் தெரிவிக்கவில்லை. இந்த வருவாய் சாலைகளுக்கென்று ஒதுக்கப்படுவதில்லை, பொது நிதியிலேயே சேர்கிறது என்பதையும் அப்போது அறிந்துகொண்டேன்.

செலுத்தும் முறை எளிது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணக்கு வரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள அனுமதி அளித்தால் மாதந்தோறும் செலுத்தலாம். வீட்டு வாடகையும் மருத்துவக் காப்பீடும் மாதக் கணக்கில் போகும் நாட்டில் இதுவே வசதி என்று நாங்கள் மாதமுறையைத் தேர்ந்தோம். ஆண்டின் தொடக்கத்தில் விலைவாசிக்கேற்பத் தொகை மாற்றப்படும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாயாரின் உடல்நிலை காரணமாகச் சில மாதங்கள் மதுரையில் தங்க வேண்டி வந்தபோது, ஓடாத காருக்கு வரி கட்டுவதைத் தவிர்க்க வழி உண்டா என்று தேடினேன். ஆர்.டி.டபிள்யூ.விடம் கட்டணம் செலுத்தி, பதிவை ஓராண்டு வரை நிறுத்திவைக்கலாம். அந்தக் காலத்தில் வாகன வரியும் இல்லை, காப்பீட்டுக் கட்டாயமும் ஆய்வுக் கட்டாயமும் இல்லை. டிகிடி என்னும் அரசு நுழைவு அடையாளத்தைக் கொண்டு வீட்டிலிருந்தே இதைச் செய்ய முடிந்தது. ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட கார் பொதுச் சாலையில் நிற்கவும் கூடாது. வீட்டு வாசலில் உள்ள நிறுத்துமிடமும் பெரும்பாலும் பொதுச் சாலையே என்பதால், காரேஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அந்த வாடகையையும் நிறுத்திவைப்புக் கட்டணத்தையும் கூட்டி, மிச்சமாகும் வரியோடும் காப்பீட்டோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுத்தோம். குறுகிய காலப் பயணத்துக்கு இது பயன் தராது. மீறி அந்தக் காரைச் சாலையில் விட்டால் விடுபட்ட வரியும் அபராதமும் சேர்ந்து வரும் என்பதால், திரும்பி வந்தபின் நிறுத்திவைப்பை முடித்து, காப்பீட்டை உறுதி செய்த பிறகே சாவியைக் கையில் எடுத்தேன்.

இதே தர்க்கத்தின் வேறொரு முகத்தை எங்கள் தெருவில் கண்டேன். முதியவர் ஒருவர் தம் பழைய பெட்ரோல் காரை டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரி முடியும் வரை வெளியே எடுப்பதே இல்லை. நாற்பது ஆண்டு கடந்த கார்களுக்கு வரி விலக்கு உண்டு; அந்த வயதை எட்டாத, 1988க்கு முந்திய பெட்ரோல் கார்கள், அந்த மூன்று மாதங்கள் பொதுச் சாலையில் இல்லாவிட்டால் கால் பங்கு வரிதான் செலுத்தும்.

அதிகம் ஓட்டுபவரும் அரிதாக ஓட்டுபவரும் ஒரே தொகை செலுத்துவது நியாயமா என்ற கேள்வி இங்கு நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. கிலோமீட்டருக்கு வரி விதிக்கும் திட்டம் 2010இல் அமைச்சரவை கவிழ்ந்ததோடு கைவிடப்பட்டது. 2030இல் தொடங்கவிருந்த அடுத்த திட்டத்தையும் 2024இல் அமைந்த கூட்டணி தொடரவில்லை. ஓட்டும் தூரத்துக்கு எரிபொருள் தீர்வை ஏற்கெனவே இருக்கிறது என்பார்கள். ஆனாலும், காரை அபூர்வமாக எடுக்கும் முதியவர்களுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் இந்த முறை சுமையாகவே இருக்கிறது என்பது என் கருத்து.

குழந்தைகள் வளர்ந்ததும் அந்தச் சிறிய காரை விற்றோம். வாங்கிய விற்பனையாளர் எங்கள் முன்னிலையிலேயே பதிவைத் தம் பெயருக்கு மாற்றி, பொறுப்பு நீங்கியதற்கான சான்றைத் தந்தார். அந்தச் சான்று கையில் இல்லாமல் காரை ஒப்படைக்கக் கூடாது; பதிவேட்டில் பெயர் மாறாத வரை, வண்டி யாரிடம் இருந்தாலும் வரி நம்முடையதே. கூடுதலாகச் செலுத்தியிருந்த தொகையை, நாங்கள் கேட்காமலேயே, வரித்துறை வங்கிக் கணக்குக்கு அனுப்பிவைத்தது.

அடுத்த காருக்கு மின்சாரக் காரையும் எண்ணிப் பார்க்கிறோம். 2024 முடியும் வரை அவற்றுக்கு இந்த வரி முற்றிலும் இல்லை. 2025இல் கால் பங்கு செலுத்த வேண்டியிருந்தது. 2026 முதல் சலுகை மேலும் சுருங்குகிறது. எரிபொருளிலும் மின்சாரத்திலும் ஓடும், மின்னேற்றும் கலப்பின கார்களுக்கோ 2026இலிருந்து முழு வரி. மின்கலத்தால் இவை பெட்ரோல் கார்களைவிடக் கனமானவை என்பதால், எடை வழியாகக் கணக்கிடும் வரியில் சலுகை குறையக் குறைய அந்தக் கனம் தொகையாக மாறும். ஆகவே விலைப் பட்டியலில் முதலில் நாங்கள் பார்ப்பது வெற்று எடை எழுதியிருக்கும் இடத்தைத்தான்.