பைப் பேண்ட் ஸ்னேர் டிரம்: தனியாகக் கற்கும் வழி

பேக்பைப் எனும் காற்றுப்பைக் குழல்களும் டிரம்களும் சேர்ந்து இசைக்கும் ஸ்காட்லாந்தின் பைப் பேண்டுகளில் ஒலிக்கும் ஸ்னேர் டிரம்மை ஆசிரியரின்றிக் கற்க விரும்புகிறவர்கள் முதலிலேயே டிரம் வாங்க வேண்டியதில்லை. ஒரு ரப்பர் பிராக்டிஸ் பேட், ஒரு ஜோடி குச்சி, தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் ஒரு மெட்ரோனோம் ஆகியவை நெடுநாளைக்குப் போதும்.

இந்த டிரம்மின் தன்மையை மட்டும் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. பேக்பைப்புகளின் பெரும் ஓசைக்கு நடுவே ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்க வேண்டும் என்பதற்காக, கெவ்லார் எனும் வலிமையான செயற்கை இழையால் ஆன மேல்தோலை மேசைப் பலகைபோல் விறைப்பாக முறுக்குகிறார்கள். கீழ்த்தோலில் இருப்பதோடு மேல்தோலின் அடியிலும் தோலில் அதிர்ந்து சரசரக்கும் ஸ்னேர் கம்பிகள் உண்டு. ஒலி குறுகியும் கூர்மையாகவும் வருவதால், இரு கைகளுக்கும் இடையிலுள்ள சிறு ஏற்றத்தாழ்வுகூட மறையாது.

ஆகவே பயிற்சியின் பெரும்பகுதியை, அடிகள் இடைவிடாத ஒரே ஒலியாகக் கேட்கும் ரோலுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கையால் ஓர் அடி அடித்து, குச்சியைச் சற்றே அழுத்தினால் அது பலமுறை துள்ளும். அத்துள்ளல் ஓய்வதற்குள் மறுகை தொடர வேண்டும். பெரும்பாலோர் இடக்குச்சியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டில் பொருத்தி, மோதிரவிரலின் மேல் கிடத்திப் பிடிக்கிறார்கள். வலக்கையின் பிடி வேறு என்பதால் இரண்டின் துள்ளலும் எளிதில் ஒத்துப்போவதில்லை. நான் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, இடக்கையை மட்டும் தனியே ஒலிக்கவிட்டு, அதன் நீளம் வலக்கைக்குச் சமமாகும்வரை கேட்பேன். பேண்ட் வாசிக்கத் தொடங்குவதே மூன்று காலடி நடக்கும் நேரம் நீளமுள்ள இரண்டு ரோல்களில்தான். பேக்பைப்பில் ஒரே சுருதியைத் தொடர்ந்து ஒலிக்கும் ட்ரோன் குழல்கள் அவற்றின்போதே ஒலிக்கத் தொடங்கி, பிறகு மெட்டு பிறக்கிறது.

தாளக்குறிப்பைப் படிப்பது எளிது. ஒரே கோடு, வலக்கையின் அடிகள் கோட்டுக்கு மேலே, இடக்கையின் அடிகள் கீழே. ஆனால் மெட்டுக்கு ஏற்ற அசைவு அந்தக் கோட்டில் முழுமையாக அடங்காது. மிருதங்கம் பயில்கிறவர்கள் சொற்கட்டை வாயால் சொல்லிய பிறகே கையில் எடுப்பது நமக்குத் தெரிந்ததுதான். இங்கும் மார்ச் மெட்டை முழுதாக முணுமுணுக்கத் தெரிந்த பிறகு குச்சியை எடுத்தால், எந்த அடி நீள வேண்டும், எது ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது தானாகவே விளங்குகிறது. ஸ்ட்ராத்ஸ்பே எனும் ஸ்காட்லாந்து நடன வகை மெட்டுகளில், நான்கு தட்டுகளில் முதல் தட்டு அழுத்தமாகவும் மூன்றாவது அதைவிடச் சற்றுக் குறைவாகவும் விழும் நடையைக் காதில் ஏற்றாமல் வாசிக்கவே முடியாது.

கேட்பதற்கு நல்ல பதிவுகள் இருக்கின்றன. ஷாட்ஸ் அண்ட் டைக்ஹெட் எனும் ஸ்காட்லாந்து பைப் பேண்டின் தலைமை டிரம்மராக இருந்து 1986இல் மறைந்த அலெக்ஸ் டதார்ட், ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர டிரம் மரபிலிருந்து பலவற்றைப் பெற்று இக்கலையை மாற்றியமைத்தவர். உலகத் தனிநபர் டிரம் போட்டியில் 16 முறை வென்ற ஜிம் கில்பாட்ரிக்கின் வாசிப்பில் மென்மைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தூரத்தைக் கவனிக்கலாம்.

தலைமை டிரம்மர் தனியே வாசித்துக்கொண்டிருக்க, குறிப்பிட்ட இடங்களில் குழுவின் டிரம்மர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஒன்றாகச் சேரும் பகுதிகள்தாம் இந்த இசையின் பேரழகு. குறிப்பில் அவை அடிக்கோட்டால் காட்டப்படுகின்றன. அவற்றின் அடிகளை வீட்டிலேயே மனப்பாடம் செய்யலாம். அருகில் நிற்பவரின் குச்சி உயரத்துக்குத் தன் குச்சியை ஒத்துயர்த்தும் பழக்கத்துக்கு மட்டும் ஒரு குழுவில் சேர்ந்தே ஆக வேண்டும்.